எத்தனை வருடம் என்ற கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

நம்மட பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், பார்க்கப் போகிறவர்கள் உள்ளே இருந்து நல்ல வார்த்தை பேசுவார்கள், துஆ செய்வார்கள். வெளியே வந்து விறாந்தையில் செருப்பைத் தேடும்போதுதான் அந்தக் கேள்வி வரும். குரலைத் தாழ்த்தி, வீட்டு ஆட்களில் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "டொக்டர் எத்தின நாள் செல்லிரிக்காரு?"

கேட்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு யாராவது ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை எங்கள் குடும்பம் பார்த்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உம்மாவின் தம்பி, என் மாமாவைப் பற்றியது. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரப் போடாத, ஊருக்குத் தெரியும்தானே" என்று சிரித்தார்.

2016இல் மாமாவுக்கு இடது காதுக்குக் கீழே, தாடை தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டி. கச்சான் கொட்டை அளவு. முதலில் கூகைக்கட்டு என்று நினைத்து மஞ்சள் பூசினார்கள். கூகைக்கட்டு ஒரு கிழமையில் போகும், இது போகவில்லை. சில மாதம் கழித்து கன்னத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள், பிறகு ஸ்கேன், பிறகு ஒப்பரேஷன். எடுத்த கட்டியைப் பரிசோதித்து வந்த ரிப்போர்ட்டில் மூன்று சொல்லில் ஒரு பெயர்: அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா. உமிழ்நீர்ச் சுரப்பியில் வருகிற ஓர் அரிய புற்றுநோய். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்கள் 100 எடுத்தால் அதில் ஒன்று அளவுக்குத்தான் இது இருக்கும்.

அந்தப் பெயர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகவில்லை. கட்டாரில் இருக்கிற உறவினர் ஒருவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். அழுதுகொண்டே பேசியிருந்தார். "ஆறு மாசம்தானாம், மனச தேத்திக்கங்க." எதைத் தேடினார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். டொக்டர் ஒரு மாதக் கணக்கையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அடுத்த ஜும்ஆவுக்குள் "ஆறு மாதம்" என்பது ஊர் முழுக்க டொக்டர் சொன்னதாகவே ஆகிவிட்டது.

அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் செய்த வேலையைக் கேளுங்கள். மாமாவின் மகளுக்கு அடுத்த வருடம் ஏ.எல் பரீட்சை. "வாப்பா இரிக்கக்குள்ளயே நிகாஹ முடிங்க" என்று மாமியின் பக்கத்தில் இருந்து மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். வயலை விற்று அந்தக் காசில் சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு சாரார். எப்படியும் ஆறு மாதம்தானே, எதற்கு கதிர்ச் சிகிச்சை என்று ஆளை வதைக்கிறீர்கள், நாட்டு மருந்து கொடுத்து வீட்டில் வைத்திருங்கள் என்று இன்னொரு சாரார். மூன்றும் ஒரே கிழமையில் நடந்த பேச்சு. மூன்றுக்கும் அடிப்படை அந்த ஒரு குரல் பதிவு.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு இந்த நோய் வந்தது வெற்றிலை போட்டதால்தான் என்று பலர் பேசினார்கள். மாமா வாழ்க்கையில் வெற்றிலை போட்டவர் இல்லை, பீடி சிகரட்டும் இல்லை. இந்த வகைப் புற்றுநோய்க்கும் வெற்றிலை, புகையிலைக்கும் உறுதியான தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. வாய்ப் புற்றுநோய் வேறு. அது நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய், அதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை நேரடிக் காரணம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. வாயில் ஆறாத புண், வெள்ளைப் படை, வாய் திறக்க முடியாமை உள்ளவர்கள் இதை வாசித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் கழுத்துக்கு மேலே எந்தக் கட்டி வந்தாலும் அந்த மனிதனின் பழக்கத்தைத் தோண்டுவதை விட்டுவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். நான் டொக்டர் இல்லை. பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் பாதி மருத்துவம் என்றால் மீதிப் பாதி நாம் வகுப்பில் படிப்பிக்கிற புள்ளிவிபரவியல்தான். ஆகாரம், இடையம், இடை என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? இடையம் என்றால் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிற எண். போனில் தேடினால் வருகிற "எட்டு மாதம்", "இரண்டு வருடம்" எல்லாம் பெரும்பாலும் இந்த இடையம்தான்.

ஏழு நோயாளிகள் வாழ்ந்த மாதங்களை உதாரணத்துக்கு எடுப்போம்: 2, 3, 5, 8, 14, 60, 240. நடுவில் நிற்பது 8. "இந்த நோய்க்கு எட்டு மாதம்" என்று எழுதுவார்கள். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஏழாவது ஆள் 240 மாதம், அதாவது இருபது வருடம் வாழ்ந்திருக்கிறார். அந்த எட்டுக்குள் அவரும் ஒளிந்திருக்கிறார். இடையைக் கணக்கிட்டால் 47 மாதம் வரும். அந்த 47க்குக் கிட்ட ஏழு பேரில் ஒருவரும் இல்லை. அடுத்த முறை தரம் 9 பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வரும்போது கடையில் விற்ற மாங்காயை விட்டுவிட்டு இதைச் சொல்லிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பயந்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

இது வெறும் கற்பனை உதாரணம் இல்லை. ஸ்டீபன் ஜே கூல்ட் என்று அமெரிக்காவில் ஒரு உயிரியல் பேராசிரியர். 1982இல் அவருக்கு வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய். நூலகத்துக்குப் போய்ப் பார்த்தபோது இடையம் எட்டு மாதம் என்று இருந்தது. அவர் புள்ளிவிபரம் தெரிந்தவர். பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள் என்றால் அந்தப் பாதி எவ்வளவு தூரம் போகிறது, நான் எந்தப் பாதியில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று யோசித்தார். வயது குறைவு, ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பு, நல்ல சிகிச்சை. 1985இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார், இன்றுவரை புற்றுநோயாளிகள் அதை வாசிக்கிறார்கள். அவர் காலமானது 2002இல், இருபது வருடம் கழித்து, வேறொரு புற்றுநோயால்.

இதை வைத்து எல்லோரும் இருபது வருடம் வாழ்வார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2, 3, 5 என்று முதலில் நின்ற மூன்று பேரும் மனிதர்கள்தான். ஒரு குடும்பத்திடம் போய் ஏழாவது ஆளை மட்டும் காட்டுவதும் ஒருவகை ஏமாற்றுதான். நல்லெண்ணத்தில் அப்படிச் செய்கிற பலரைப் பார்த்திருக்கிறேன்.

அரிய நோய்களில் இந்தக் கணக்குப் போடுவது ஏன் கஷ்டம் என்பதைக் கேளுங்கள். மார்புப் புற்றுநோய்க்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலேயே சில வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரின் விபரம் சேர்ந்துவிடும். மாமாவுக்கு வந்தது அப்படி இல்லை. அமெரிக்காவில் 1973இலிருந்து பல மாநிலங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளைச் சேர்த்து ஒரு பெரிய தொகுப்பு வைத்திருக்கிறார்கள். அதில் 1973 முதல் 2007 வரை தேடியும் தலை, கழுத்தில் இந்த வகை வந்தவர்கள் மூவாயிரம் சொச்சம் பேர்தான் கிடைத்தார்கள். முப்பத்தைந்து வருடத்தில் மூவாயிரம். 1973இல் சிகிச்சை எடுத்தவருக்கும் 2007இல் எடுத்தவருக்கும் ஒரே மருந்தா, ஒரே ஸ்கேனா? அந்தக் காலத்தில் எம்.ஆர்.ஐ. என்ற ஒன்றே ஆஸ்பத்திரிகளில் இல்லை. இருந்தாலும் அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் எண்ண ஆள் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளிகள் எல்லோரையும் கடைசிவரை பின்தொடர முடியாது. சிலர் ஊர் மாறிவிடுவார்கள், சிலர் கிளினிக் வருவதை நிறுத்திவிடுவார்கள், சிலர் ஆய்வு முடிகிற நாளிலும் நன்றாக இருப்பார்கள். இவர்களை எப்படி எண்ணுவது? ஆசிரியர்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. தரம் 6இல் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், ஓ.எல் வரை எத்தனை பேர் படிப்பில் நிற்பார்கள் என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். முதல் வருடம் ஒரு பிள்ளை படிப்பை விட்டுவிட்டது. பிறகு இரண்டு பிள்ளைகள், வாப்பாவுக்கு இடமாற்றம் வந்து, விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டார்கள். அவர்களை இடைவிலகியவர்கள் என்று எழுதினால் அநியாயம். ஓ.எல் வரை படித்தவர்கள் என்று எழுதினால் பொய். பெயரையே இடாப்பிலிருந்து வெட்டினால் அவர்கள் நம்மோடு இருந்த காலம் வீண்.

1958இல் கப்லன், மையர் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள் இதற்கு ஒரு வழியை எழுதினார்கள். போனவர்களைப் போகிற நாள் வரைக்கும் எண்ணு, அதற்குப் பிறகு எண்ணாதே. முதல் படியில் பத்தில் ஒன்பது பேர் நின்றார்கள். அந்த ஒன்பதில் இருவர் கண்டிக்குப் போக மிச்சம் ஏழு. அடுத்து ஒருவர் விலகினால் ஏழில் ஆறு. ஒன்பது பத்தாம் பங்கையும் ஆறு ஏழாம் பங்கையும் பெருக்கினால் 77 வீதம். இதைப் படிப்படியாக இறங்குகிற ஒரு வரைபாக வரைவார்கள். உலகத்தில் எந்தப் புற்றுநோய் ஆய்வைத் திறந்தாலும் அந்தப் படிக்கட்டுக் கோடு இருக்கும். மாமாவின் டொக்டர் ஒரு துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில் எங்களுக்கு வரைந்து காட்டியதும் அதைத்தான்.

அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்று வேகமாக விழுந்து, பிறகு சமதரையாகப் போனது. மற்றது மிக மெதுவாக இறங்கிக்கொண்டே போனது, சமதரையே வரவில்லை. இரண்டாவதுதான் உங்களுடையது என்றார்.

அந்த அமெரிக்கத் தொகுப்பின் எண்களைச் சொன்னால் விளங்கும். ஐந்து வருடத்தில் சுமார் 90 வீதம். பத்து வருடத்தில் 80. பதினைந்து வருடத்தில் 69. பெரிய ஆஸ்பத்திரிகள் தங்களிடம் வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்குகளில் எண் இதைவிடக் குறைவாகவும் வரும், ஏனென்றால் முற்றிய நோயாளிகள்தான் அங்கே அதிகம் அனுப்பப்படுகிறார்கள். எப்படி எடுத்தாலும் ஆறு மாதம் எங்கே, இது எங்கே? அதேநேரம், ஐந்து வருடம் தாண்டினால் தப்பிவிட்டோம் என்று மற்றப் பல புற்றுநோய்களில் சொல்வதை இதில் அப்படியே சொல்லவும் முடியாது. இந்த நோய் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். மாமாவின் கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது அதனால்தான். பத்து வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும்.

இதே தலை, கழுத்துப் பகுதியில் நட் கார்சினோமா என்று இன்னொன்று வருகிறது, அதுவும் மிக அரிது. அதில் இடையம் ஒரு வருடத்தைக்கூட எட்டுவதில்லை. ஆக "கழுத்துல கென்சராம்" என்ற செய்தியில் இருந்து எதையும் கணிக்க முடியாது. நோயின் சரியான பெயர் தெரியாமல் போனில் தேடுகிறவர், யாரோ ஒருவரின் பெறுபேற்றை இன்னொரு பிள்ளையின் சுட்டெண்ணைப் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி.

பெயருக்குள்ளும் வித்தியாசம் உண்டு. நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது இந்தக் கலங்கள் சில இடத்தில் சல்லடை மாதிரி, சில இடத்தில் குழாய் மாதிரி, சில இடத்தில் இடைவெளியே இல்லாமல் திண்மமாக இருக்கும். திண்மப் பகுதி 30 வீதத்துக்கு மேல் இருந்தால் நோய் வேகமானது என்று பொதுவாக எடுக்கிறார்கள். கட்டியின் அளவு, வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமா, நரம்புக்குள் போயிருக்கிறதா, நிணநீர்க் கணுக்களில் இருக்கிறதா, வயது என்ன என்பதெல்லாம் சேரும். இவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, கூட்டி, "பத்து வருடத்தில் இத்தனை வீதம்" என்று வாசிக்கிற அட்டவணைகளை ஆராய்ச்சியாளர்கள் செய்திருக்கிறார்கள். இந்த நோய்க்கென்றே பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2015இல் ஒன்று வெளியிட்டன.

அந்த அட்டவணைகள் எவ்வளவு நம்பகமானவை? அதையும் அளக்கிறார்கள். இரண்டு நோயாளிகளை எடுத்து, இவர்களில் யார் கூடக் காலம் வாழ்வார் என்று அட்டவணையிடம் கேட்பது. காசு சுண்டிச் சொன்னாலே பாதித் தடவை சரியாக வரும், அது 0.5. எல்லாத் தடவையும் சரியென்றால் 1. நல்லவை என்று பாராட்டப்படுகிற அட்டவணைகள் பெரும்பாலும் 0.7க்கும் 0.8க்கும் இடையில் நிற்கின்றன. பத்துச் சோடியில் ஏழு எட்டை யார் முந்தி, யார் பிந்தி என்று சரியாகச் சொல்லும். மற்ற இரண்டு மூன்றைத் தலைகீழாகச் சொல்லும். அதுகூட யார் முந்தி என்பது மட்டும்தான், திகதி இல்லை. 100 பேருக்கு 60 வீதம் என்று சொன்னால் அதில் 60 பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 60இல் மாமா இருப்பாரா என்று எந்த அட்டவணையும் சொல்லாது. மழைக்கு 60 வீதம் வாய்ப்பு என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால், நெல்லைக் காயப்போட்டவர் படங்கை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் முற்றத்தில் விழும் என்று யாரும் எடுப்பதில்லை.

"அப்ப அட்டவணைய விடுங்க, அனுபவமுள்ள டொக்டர் ஆளப் பார்த்தே செல்லுவார்" என்பார்கள் சிலர். 2000ஆம் ஆண்டில் சிக்காகோவில் ஒரு ஆய்வு வெளியானது. இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்த 468 நோயாளிகளுக்கு, 343 வைத்தியர்கள் இவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று மதிப்பிட்டார்கள். ஓரளவு சரியாக வந்தது 20 வீதம்தான். 63 வீதத்தில் வைத்தியர்கள் சொன்னதைவிட நோயாளி குறைவாகவே வாழ்ந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அடுத்த விஷயம். நோயாளியோடு கூடக் காலம் பழகிய வைத்தியரின் மதிப்பீடுதான் கூடுதலாகப் பிழைத்தது. பழகப் பழக, இவர் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் மனம் இழுக்கிறது போலும். வகுப்பில் விருப்பமான பிள்ளையின் புள்ளியை நாம் ஊகிப்பதும் இப்படித்தான்.

சிலர் இதில் மார்க்கப் பிரச்சினையைக் கிளப்புவார்கள். அஜல் அல்லாஹ்விடம் இருக்கும்போது வருடக் கணக்குப் பேசுவதே ஈமானுக்கு மாற்றம் என்று ஒரு சகோதரர் மாமாவின் முன்னாலேயே சொன்னார். மாமா பதில் சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், ஆலிம்கள் திருத்தட்டும். ஸூரா லுக்மானின் கடைசி வசனத்தில் சொல்லப்படுகிற அறிவு ஒரு தனி ஆத்மாவின் முடிவு பற்றியது. இந்த அட்டவணை அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. நூறு பேரில் எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறது, எந்த ஆள் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது. உண்மையில் ஈமானுக்கு நெருடலாக இருக்க வேண்டியது "ஆறு மாசம்தானாம்" என்று நிச்சயமாகச் சொன்ன அந்தக் குரல் பதிவுதான். அதை ஊர் எந்தத் தயக்கமும் இல்லாமல் நம்பியது.

வசிய்யத் எழுதுவது, கடனைத் தீர்ப்பது எல்லாம் நோய் வந்தவருக்கு மட்டும் உரிய வேலை இல்லை என்பதும் நமக்குத் தெரியும். மாமா ஒப்பரேஷனுக்குப் போகுமுன் தன் கொடுக்கல் வாங்கலை ஒரு கொப்பியில் எழுதி மாமியிடம் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு நானும் எழுதினேன்.

குடும்பத்தில் என்ன முடிவானது என்று கேட்பீர்கள். டொக்டர் வரைந்த அந்தத் துண்டுக் கடதாசியை உம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோரையும் கூப்பிட்டு நடுவில் வைத்தார். உம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "இந்தக் கோடு எவ்வளவு நீளம் பாருங்க. இதுக்குள்ள புள்ள படிச்சி முடிச்சிரும்" என்றார். மாப்பிள்ளை பார்ப்பது நின்றது. மகள் ஏ.எல் எழுதினாள், கலாசாலைக்குப் போனாள், இப்போது ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறாள். நிகாஹ் அவள் விரும்பிய நேரத்தில் நடந்தது. மாமா மஹரகமயில் ஆறு கிழமைக்கு மேல் தங்கி, கிழமைக்கு ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சையை முழுதாக எடுத்தார். வாய் காய்ந்து, ருசி போய், புளியாணம்கூட இறங்காமல் கஷ்டப்பட்டார். வயல் விற்கப்படவில்லை.

ஆனால் கதை அதோடு நேராகப் போகவில்லை. 2022இல் ஐந்து வருடம் முடிந்தது. பெற்றோல் இல்லாத காலம், கொழும்புக்கு வாகனம் பிடிப்பதே பெரிய பாடு. "அஞ்சி வருஷம் தாண்டிட்டு, இனி கிளினிக் என்னத்துக்கு" என்று ஊரும் சொன்னது, மாமாவுக்கும் அது இனிப்பாக இருந்தது. ஆறு மாதம் என்று பயமுறுத்திய அதே ஊர், இப்போது சுகமாகிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தது. மாமி மட்டும் விடவில்லை. "மத்தக் கோட்டுலதான் சமதரை வந்திச்சி, நம்மட கோட்டுல வரல்ல" என்று அந்தக் கடதாசியை ஞாபகப்படுத்தி, அடுத்த வருடம் இழுத்துக்கொண்டு போனார். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்னப் பொட்டுகள், பெரியது எட்டு மில்லிமீற்றர்.

எல்லோரும் உடைந்துபோனோம். டொக்டர் உடையவில்லை. இப்போது மருந்து வேண்டாம், மூன்று நான்கு மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்போம், எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதுதான் இனி எனக்குத் தேவையான எண் என்றார். இந்த நோயில் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு முறையான சிகிச்சைதான் என்பதை வீட்டுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம் எடுத்தது. "டொக்டர் கைவிட்டுட்டார்" என்ற கதை அதற்குள் ஒரு சுற்று வந்துவிட்டது. பிறகு எடுத்த ஸ்கேன்களில் எட்டு மில்லிமீற்றர் ஒன்பதாகி, பிறகு பத்தாகியிருக்கிறது.

இதே நிலையில் இருக்கிற குடும்பங்களுக்கு, பட்டதை வைத்துச் சொல்கிறேன். கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டை மூன்று போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். அரிய நோய்களில் முதலில் எழுதப்பட்ட பெயர் பிறகு மாறுவதும் நடக்கிறது. மெழுகில் பதித்து வைத்திருக்கிற அந்தத் துண்டை இன்னொரு நிபுணர் திரும்பப் பார்க்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள், டொக்டர்மார் அதைத் தப்பாக எடுப்பதில்லை. "எவ்வளவு காலம்" என்று கேட்கத்தான் வேண்டுமென்றால், முதலில் நோயாளிக்கு அதை அறிய விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். அவரை வெளியே இருத்திவிட்டு மகன்மார் மட்டும் உள்ளே போய்க் கேட்டு வருவதை நான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. எண் ஒன்றைச் சொன்னால், அது யாரை எண்ணி வந்தது, எந்தக் காலத்துச் சிகிச்சை, நடு எண்ணா, நல்லாப் போனால் எதுவரை, மோசமாய்ப் போனால் எதுவரை என்று அடுத்துக் கேளுங்கள். எங்களுக்கு நல்லாப் பதில் சொல்லப்பட்டது கடைசி இரண்டுக்கும்தான்.

ரிப்போர்ட்டில் இருக்கிற சொற்கள் விளங்காதவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். சொல்லுக்கு அர்த்தம் சொல்லலாம், வைத்தியம் சொல்ல மாட்டேன்.

மாமாவின் அடுத்த ஸ்கேனுக்கு முதலில் தந்த திகதி சரியாக அறுவடைக் கிழமையில் விழுந்தது. மெஷின் பிடிக்க ஆள் இல்லை, ஒரு கிழமை தள்ளித் தர முடியுமா என்று மாமா கேட்டார். டொக்டர் பழைய ஸ்கேன் படங்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தார். கிளினிக் கொப்பியில் இருந்த திகதியை வெட்டிவிட்டு இரண்டு கிழமை தள்ளி எழுதிக் கொடுத்தார்.